கத்தவில்லை என்றது பெட்டி

மதியச் சாப்பாடு முடிந்ததும் அந்த அலுவலகத்தில் ஆண்கள் ஒவ்வொருவராகப் போய்க் கத்திவிட்டு வருவார்கள்.

அதற்கென்றே ஓர் அறை இருந்தது. நாலு சுவரிலும் சாம்பல் நிறப் பஞ்சுப் பலகை. நடுவில் ஒரு மேஜை. மேஜை மேல் சோப்பு டப்பா அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி, அதன் நெற்றியில் ஒரு பச்சை விளக்கு. உள்ளே போகிறவன் கதவைச் சாத்திக்கொண்டு "காப்பாத்துங்க" என்று அடிவயிற்றிலிருந்து கத்துவான். பச்சை சிவப்பாகும். பஞ்சையும் மீறி வெளியே கசிகிற சத்தத்துக்கு மற்றவர்கள் மதிப்பெண் போடுவார்கள்.

"இது உயிருக்குக் கத்தற மாதிரி இல்லடா. சாப்பாட்டுல உப்பு இல்லன்னு கத்தற மாதிரி இருக்கு."

"வீட்டுல வாயைத் திறக்க முடியாதுல்ல. இங்க வந்து தீர்த்துக்கறான், விடு."

பெட்டிக்கு அவர்கள் வைத்த பெயர் காது. குளிர்பதன அறை, லிஃப்ட், கொதிகலன் அறை என்று மனிதர்கள் தனியாக மாட்டிக்கொள்ளக்கூடிய இடங்களில் அதைப் பொருத்த வேண்டும். உள்ளே யாராவது ஆபத்தில் கத்தினால் காது அதைக் கேட்கும். பூட்டு தானாக விடுபடும், அபாயச் சங்கு ஒலிக்கும், பொறுப்பாளரின் போனுக்குத் தகவல் போகும். சாதாரணச் சத்தத்தையும் ஆபத்துக் கத்தலையும் பெட்டி பிரித்து அறிய வேண்டும் என்றால் அதற்கு ஆயிரக்கணக்கில் மாதிரிக் குரல்களைக் கொடுத்துப் பழக்க வேண்டும். வெளியே எதற்கு அலைவது, நம்மிடமே தொண்டை இருக்கிறதே என்று ஆரம்பித்ததுதான் இந்த மதியக் கத்தல்.

குழுவில் அவள் ஒருத்திதான் பெண். முன்பு இன்னொருத்தி இருந்தாள். பிரசவ விடுப்பு முடிந்து திரும்பியபோது அவள் எழுதிய நிரல் பகுதிகளெல்லாம் வேறு ஆட்களின் கைக்குப் போயிருந்தன. கொஞ்ச நாள் சும்மா உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அவள் நாற்காலியில் இப்போது அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. இன்னும் இரண்டு பெண்களை எடுக்கக் கூடாதா என்று கேட்டால், "விண்ணப்பமே வர்றதில்லையே தங்கச்சி, நான் என்ன பண்றது" என்பார் குழுவின் தலைவர். வருத்தத்தோடுதான் சொல்வார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவர் தங்கச்சி என்று கூப்பிட, மற்றவர்களுக்கும் அதுவே அவள் பெயராகிவிட்டது.

சேர்ந்த புதிதில் அவளும் ஒருநாள் அந்த அறைக்குள் போய்க் கத்தினாள். கத்தி முடிப்பதற்குள் கீழ்த்தளத்துக் காவலாளி தடியோடு படியேறி ஓடிவந்தார். பக்கத்து அலுவலகத்திலிருந்து இரண்டு பெண்கள் செருப்பில்லாமல் வந்து நின்றார்கள். யாரோ போலீசுக்கே போன் போட்டுவிட்டார்கள். தலைவர் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டு அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இனிமே நீ கத்த வேண்டாம் தங்கச்சி. கேக்கறவங்க வேற மாதிரி நினைச்சுக்கறாங்க. உனக்கும் சங்கடம், எங்களுக்கும் சங்கடம்."

மரியாதைக்காகச் சொன்னது. மரியாதையை எதிர்த்துச் சண்டை போட முடியாது. அன்றிலிருந்து ஆண்கள் கத்தும் நேரத்தில் அவள் மெதுவாகச் சாப்பிடப் பழகிக்கொண்டாள்.

கேட்பது தாடி என்று எல்லோரும் கூப்பிடும் பொறியாளனின் பொறுப்பு. கேட்ட பிறகு நடப்பது அவள் பொறுப்பு. பூட்டை விடுவிப்பது, சங்கை ஊதவைப்பது, போனுக்குச் செய்தி அனுப்புவது எல்லாம் அவள் எழுதியது. பெட்டிக்கு என்ன கேட்கிறது, என்ன கேட்கவில்லை என்று பார்க்க வேண்டிய அவசியமே அவளுக்கு வந்ததில்லை.

வந்தது வீட்டில்.

செய்தி போய்ச் சேர எவ்வளவு தாமதமாகிறது என்று சோதிக்க ஒரு பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தாள். அலமாரி மேல் வைத்தாள். அண்ணனும் அண்ணியும் அவளும் இருக்கும் வீடு. அண்ணன் லாரி ஓட்டுகிறவன், அன்றைக்கு வீட்டில் இருந்தான். அண்ணி வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே பெட்டியைப் பார்த்தாள்.

"இது யாரு, எனக்கு மாமியாரா? பேசாம மூலையில உக்காந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டிருக்கு."

"உங்க கிடங்குல மாட்டப் போறோமே அண்ணி, அதுதான்."

அண்ணி வேலை செய்த குளிர்க்கிடங்குதான் காதுக்கு முதல் வாடிக்கையாளர். மீனையும் இறாலையும் சுத்தம் செய்து, பொட்டலம் கட்டி, உறைய வைத்துக் கப்பலுக்கு அனுப்பும் இடம். அங்கே வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். உறையறைகளின் கதவு ஒரு முழம் கனம். உள்பக்கக் கைப்பிடியில் பனி ஏறி இறுகிவிடும். அழைப்பு மணியின் பொத்தான் ஈரத்தில் அடிக்கடி செத்துவிடும். அதனால் வாசலில் ஒரு நாற்காலி போட்டு ஒரு கதவுக்காரர் உட்கார்ந்திருப்பார். உள்ளே போனவர் வெளியே வரும்வரை கதவுக்குக் காவல் இருப்பதுதான் அவர் வேலை. அண்ணி இதையெல்லாம் பேச்சோடு பேச்சாகச் சொல்லி, அவள் அலுவலகத்தில் போய்ச் சொல்லி, தலைவர் கிடங்குக்குப் போய்ப் பேசி முடித்த வியாபாரம் அது. பெட்டி வந்துவிட்டால் கதவுக்காரர் தேவையில்லை. கிடங்கு மேலாளருக்குப் பிடித்திருந்தது அந்த ஒரு விஷயம்தான்.

"கத்தினா திறக்குமா?" என்றாள் அண்ணி.

"கத்திப் பாருங்க."

அண்ணி வெட்கப்படுகிற ஆள் இல்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஐயோ, காப்பாத்துங்க, என் நாத்தனார் என்னைக் கொல்றா" என்று கத்தினாள். எதிர்வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பெட்டி பச்சையாகவே இருந்தது.

"நாத்தனார் கொல்றது அதுக்கு சகஜமாப் படுது போல" என்றான் அண்ணன்.

"பேசாம இருங்க. நீங்க கத்துங்க பாப்போம்."

அண்ணன் படுத்த இடத்திலிருந்தே, பாதி மனசோடு, "காப்பாத்துங்க" என்றான். பெட்டி சிவந்தது. மேஜை மேல் இருந்த அவள் போன் அதிர்ந்தது.

அண்ணி சிரித்தாள். அவள் சிரிக்கவில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு அவளே கத்தினாள். பச்சை. கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினாள். பச்சை. அண்ணியும் அவளும் சேர்ந்து கத்தினார்கள். பச்சை. கடைசியில் மோவாயை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு ஆண் குரலில் உறுமிப் பார்த்தாள். சிவப்பு.

"செவிடன் காதுல சங்கு ஊதலாம்" என்றாள் அண்ணி. "இது செவிடு இல்லடி. நம்மளை மட்டும் கேக்க மாட்டேங்குது."

அப்புறம் அண்ணியின் குரல் இறங்கியது. "வர்ற மாசம் முதல் கதவுக்காரர் வர மாட்டாராம். இதை நம்பித்தான் எங்களை உள்ள அனுப்பப் போறாங்க."

மறுநாள் காலை தாடியின் மேஜைக்குப் போய், பெட்டியைப் பழக்கிய குரல்களைத் திறந்து காட்டச் சொன்னாள். இரண்டு குவியல்கள் இருந்தன. ஒன்று ஆபத்து. அதில் இருந்ததெல்லாம் மதியக் கத்தல்கள், குழுவில் இருந்த ஆண்களின் தொண்டைகள். இன்னொன்று இரைச்சல், அதாவது பெட்டி கண்டுகொள்ளக் கூடாதது. கிடங்கின் பொட்டலம் கட்டும் கூடத்தில் பெட்டியை வாரக்கணக்கில் தொங்கவிட்டு எடுத்தது. அங்கே வேலை செய்த பெண்களின் பேச்சு, சிரிப்பு, ஒருத்தியை ஒருத்தி கூப்பிடும் சத்தம், கூடவே வானொலி.

ஆண் குரல் என்றால் ஆபத்து. பெண் குரல் என்றால் இரைச்சல். யாரும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. கொடுத்ததை வைத்துப் பெட்டி அப்படிப் படித்துக்கொண்டது.

தாடி திரையைப் பார்த்தான். அறிவில்லாதவன் இல்லை, உடனே புரிந்துவிட்டது. அவன் முகத்தில் வந்தது பயம் அல்ல, எரிச்சல்.

"ஆரம்பத்துல அந்தக் கூடத்துல அவங்க சிரிச்சாலே பெட்டி அலறிச்சு. மேனேஜர் தினமும் போன் போட்டு என் உயிரை வாங்கினார். இந்த இரைச்சலைப் போட்டுப் பழக்கினதுக்கு அப்புறம்தான் சத்தமே இல்ல."

"சத்தமே இல்லங்கறதுதான் பிரச்சினை."

"நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு சரியா சொல்லுது தங்கச்சி. சோதிச்சுட்டோம்."

"யார் குரலை வச்சு?"

இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்திருந்த, யாரிடமும் பேசாத மௌனி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டான்.

தலைவர் வந்தார். பொறுமையாகக் கேட்டார். அவள் அவர் எதிரிலேயே கத்திக் காட்டுகிறேன் என்றபோது கையைத் தூக்கித் தடுத்தார்.

"வேண்டாம், வேண்டாம். நம்பறேன். கீழ சொல்லாம நீ கத்தினா அன்னிக்கு மாதிரி ஆயிடும்."

"அப்போ மாட்டறதைத் தள்ளிப் போடுங்க. பொம்பளைங்க குரலைப் பதிவு பண்ணுவோம். நான் ஏற்பாடு பண்றேன்."

"பண்ணலாம். கண்டிப்பா பண்ணணும். ஆனா அடுத்த பதிப்புல. இப்ப ஒரு குரல், ரெண்டு குரல் சேர்த்தா அது கணக்குலயே வராது. உனக்கே தெரியும்." குரலைத் தாழ்த்தினார். "நீ சொல்றது தப்புன்னு சொல்லல. ஆனா உங்க அண்ணி அங்க இருக்கறதால உனக்குக் கொஞ்சம் பெரிசாத் தெரியுது."

இதைக் கேட்டு இரண்டு பேர் தலையாட்டினார்கள். தன் வீட்டு ஆள் மாட்டிக்கொள்ளும்போதுதான் ஓட்டை கண்ணில் படும் என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது. அவர்கள் வீட்டு ஆட்கள் யாரும் அந்தக் கிடங்கில் இல்லை.

பெட்டி மாட்டிய அன்று தலைவரோடு அவளும் போனாள். அவள்தான் பூட்டோடு பெட்டியை இணைக்க வேண்டும். மேலாளர் தடித்த கம்பளி மேலங்கி போட்டுக்கொண்டு உறையறை வாசலில் காத்திருந்தார். கூடத்துப் பெண்கள் ரப்பர் பூட்ஸும் தலைத்துணியுமாகச் சுவரோரம் நின்றார்கள். கதவுக்காரர் வழக்கமான நாற்காலியில் உட்காரலாமா கூடாதா என்று தெரியாமல் அதன் பின்னால் நின்றார்.

தலைவர் உள்ளே போனார். கதவு சாத்தப்பட்டது. ஒரு நொடிதான். சங்கு ஊளையிட்டது, பூட்டு விடுபட்டது, தலைவர் மூச்சில் புகை விட்டுக்கொண்டு சிரித்தபடி வெளியே வந்தார். மேலாளர் கை தட்டினார். அவர் தட்டியதால் மற்றவர்களும் தட்டினார்கள்.

"ஒரு பொம்பளை போய்க் கத்திப் பாக்கட்டும்" என்றாள் அவள்.

தலைவர் அவளைப் பார்த்தார். மேலாளர் தோளைக் குலுக்கினார். "யாராவது போங்கம்மா."

அண்ணி முன்னால் வந்தாள். அவளைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

எல்லோரும் கதவின் மேல் வெளிப்பக்கம், பெட்டியோடு இணைத்திருந்த விளக்கைப் பார்த்தார்கள். பச்சை. அந்தக் கதவுக்குப் பின்னால் எது நடந்தாலும் வெளியே ஒன்றும் கேட்காது. ஒரு முழக் கனம். குளிரூட்டும் இயந்திரத்தின் உறுமல் மட்டும் தரை வழியாக வந்துகொண்டிருந்தது.

பச்சை.

"கூச்சப்படுது போல" என்றார் மேலாளர்.

"கத்திக்கிட்டுதான் இருப்பாங்க" என்றாள் அவள்.

"கத்தினா சிவப்பு வருமே."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. அவருக்கு அது அவ்வளவு தெளிவாக இருந்தது. கதவுக்காரர் தாழ்ப்பாளில் கை வைத்தார். "இருங்க, இருங்க, நேரம் குடுங்க, தயார் பண்ணிக்கட்டும்" என்று மேலாளர் அவரைத் தடுத்தார். சுவரோரம் நின்ற பெண்களில் ஒருத்தி தொண்டையைக் கனைத்தாள். நின்ற இடத்திலிருந்து ஒருத்தரும் அசையவில்லை.

அவள் போய்த் தாழ்ப்பாளை இழுத்தாள். கதவு கனத்துக்கொண்டு திறந்தது. அண்ணி பெட்டிக்கு நேர் கீழே நின்றிருந்தாள். முகம் சிவந்து, கழுத்துத் துணி அவிழ்ந்து, வாய் இன்னும் திறந்திருந்தது.

"கத்தினியாம்மா?" என்று கேட்டார் மேலாளர்.

அண்ணி மேலாளரைப் பார்த்தாள். அவர் பக்கத்தில் நின்ற தலைவரைப் பார்த்தாள். சுவரோரம் நின்ற பெண்களைப் பார்த்தாள். நாத்தனாரைக் கடைசியில் பார்த்தாள், உடனே கண்ணை எடுத்துக்கொண்டாள்.

"இல்ல சார். கூச்சமா இருந்துச்சு."

அண்ணியின் குரல் கரகரத்திருந்தது. அதை அவள் கவனித்தாள். மற்றவர்கள் சிரித்தார்கள்.

அன்றைக்கு இரவு வீட்டில் பாத்திரம் கழுவும்போது அண்ணிதான் ஆரம்பித்தாள்.

"என்னை அப்படிப் பாக்காதே. எல்லார் முன்னாடியும் 'உங்க பெட்டி பொய் சொல்லுது'ன்னு நான் சொல்லிட்டு, நாளைக்கு எங்க போய் நிக்கறது? உங்க அண்ணன் மாசத்துல பாதி நாள் ரோட்டுல. நீ பெரிய படிப்பு. உன் பேச்சையே அங்க எடுத்துக்கல. நான் மீன் அடுக்கறவ. என் பேச்சையா எடுத்துக்கப் போறாங்க?"

"நீங்க சொல்லியிருந்தா தலைவர் தள்ளிப் போட்டிருப்பார்."

"போட்டிருப்பாரா?"

"மாட்டார்" என்றாள்.

"அப்புறம் என்ன. ஒரு வேலையாவது மிச்சம்."

மறுநாளிலிருந்து அவள் வேறு வழியில் போனாள். தாடி எழுதிய கணினி நிரலை எடுத்து, உச்சக் குரல்களை இரைச்சல் என்று தள்ளும் இடத்தைத் தளர்த்தினாள். அதனால் கூடத்துச் சிரிப்புக்கும் பெட்டி சில நேரம் அலறும். அலறட்டும். குழுவில் யார் எழுதியதும் இன்னொருவர் பார்த்து ஒப்புதல் கொடுத்தால்தான் பெட்டிக்குள் போகும். அதுதான் முறை. நல்ல முறைதான். அவள் ஒப்புதலுக்கு அனுப்பினாள்.

குறிப்புகள் வந்தன. இந்த மாறியின் பெயர் சரியில்லை, மாற்றவும். இங்கே ஒரு வரி இடைவெளி வேண்டும். இதை இரண்டாகப் பிரிக்கலாமே. பெயரை மாற்றினாள், இடைவெளி விட்டாள், பிரித்தாள். பழைய பெயரே தேவலை என்று வேறொருவன் எழுதினான். அவர்களில் ஒருவன் எழுதியதை இன்னொருவன் பார்க்கும்போது 'சூப்பர்' என்ற ஒரு வார்த்தையோடு முடிந்துவிடும். அவளுடையதில் எல்லாவற்றைப் பற்றியும் பேசினார்கள், கத்தலைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. கடைசியாகத் தாடி எழுதினான்: தவறான அலறல் கூடும், வாடிக்கையாளர் ஏற்க மாட்டார். கிணற்றில் போட்ட கல்லாக அது அங்கேயே கிடந்தது.

தேநீர் இயந்திரத்தின் பக்கத்தில் மௌனி அவளை நிறுத்தினான். அவன் பேசியே அவள் பார்த்ததில்லை.

"நீ சொன்னது சரி. நானும் ஓட்டிப் பாத்தேன். எங்க அக்கா குரலும் பெட்டி காதுல விழல."

"அப்போ ஒப்புதல் குடுங்களேன். ஒருத்தர் குடுத்தா போதும்."

அவன் கோப்பையைப் பார்த்தான். "தாடிக்கும் எனக்கும் ஏற்கெனவே ஆகாது. நான் குடுத்தா அதுக்குத்தான் குடுத்தேன்னு சொல்லுவான்."

சொல்லிவிட்டுக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். சுத்தமாகக் கழுவி வைத்தான்.

தலைவர் சும்மா இருக்கவில்லை. பிரச்சினை என்று ஒன்று காதில் விழுந்தால் தீர்வு காண்பவர் அவர். ஒரு வாரத்தில் கண்டுபிடித்தார். உறையறைக் கதவுகளின் உள்பக்கம் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டப்பட்டது: ஆபத்தில் கனத்த குரலில் கத்தவும். கூடவே ஒரு பயிற்சி. பயிற்சி கொடுக்க அவளை அனுப்பினார். "நீ போனா அவங்களுக்குக் கூச்சம் இருக்காது தங்கச்சி."

அவள் முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். தான் போகாவிட்டால் பெட்டிக்கு எந்தக் குரல் கேட்கும் என்பதுகூட அந்தப் பெண்களுக்குத் தெரியாமல் போகும் என்று தோன்றியது. போனாள்.

பொட்டலம் கட்டும் கூடத்தில் பெண்களை வரிசையாக நிறுத்தி, மோவாயை நெஞ்சோடு அழுத்தி உறுமச் சொல்லிக்கொடுத்தாள். முதலில் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"இது எங்க வீட்டுக்காரர் குறட்டை விடற மாதிரில்ல இருக்கு."

"அவரையே கூட்டிட்டு வந்து உள்ள மாட்டு. தூங்கட்டும். கதவு திறந்துக்கும்."

சிலருக்கு வந்தது. பலருக்கு வரவில்லை. வயதான ஒருத்திக்கு இருமல்தான் வந்தது. எல்லோரிலும் நன்றாக உறுமியது அண்ணி. சிரித்து முடித்த பிறகு ஒரு பெண் கேட்டாள்:

"பயத்துல இருக்கும்போது குரல் மேலதானேம்மா போகும்? கீழ எப்படி இறக்கறது?"

மேலாளர் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டார், பயிற்சி பெற்றேன் என்று. வாசலில் கதவுக்காரரின் நாற்காலி இருந்த இடத்தில் நாலு கால்களின் தடம் மட்டும் தரையில் வெளுப்பாக இருந்தது. பெண்கள் கொஞ்ச நாள் இரண்டு இரண்டு பேராக உள்ளே போனார்கள். ஒருத்தர் வேலைக்கு இரண்டு பேர் எதற்கு என்று மேலாளர் அதையும் நிறுத்தினார்.

அலுவலகச் சுவரில் பெரிய திரை ஒன்று வந்தது. கிடங்கின் ஒவ்வோர் உறையறைக்கும் ஒரு பச்சை வட்டம். பார்க்க அழகாக இருந்தது. வருகிற விருந்தாளிகளிடம் தலைவர் அதைக் காட்டுவார். "மாட்டின நாள்லேருந்து ஒரு தவறான அலறல்கூட இல்ல." ஒரு பெண்கள் விடுதி ஐம்பது பெட்டிகளுக்குக் கேட்டிருந்தது. குளியலறைகளில் பொருத்துவதற்கு.

அவளுக்கு அந்தத் திரைக்கு முதுகு காட்டி உட்கார முடியவில்லை. மேஜையைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். பச்சை என்றால் அறையில் யாரும் இல்லை. அல்லது யாரோ இருக்கிறார், நலமாக இருக்கிறார். அல்லது யாரோ கத்திக்கொண்டிருக்கிறார். மூன்றுக்கும் ஒரே பச்சை.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் அண்ணியிடமிருந்து போன் வரவில்லை. வேலை முடிந்து பேருந்தில் ஏறியதும் கூப்பிட்டு, என்ன வாங்கி வரட்டும் என்று கேட்பது அண்ணியின் வழக்கம். கப்பலுக்குச் சரக்கு ஏற்றும் நாள், தாமதமாகியிருக்கலாம். அவள் கூப்பிட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. உறையறைக்குள் போன் எடுக்காது. திரையைப் பார்த்தாள். எல்லாம் பச்சை.

கிடங்கு அலுவலகத்துக்குப் போன் போட்டாள். குமாஸ்தா எடுத்தார்.

"பகல் ஷிப்ட் ஆளுங்க எல்லாரும் கிளம்பிட்டாங்களேம்மா. இங்கயும் பச்சைதான் இருக்கு."

"ஒவ்வொரு கதவையும் திறந்து பாருங்க."

"சும்மா திறந்தா குளிர் போயிடும். மேனேஜர் என்னைத் தொலைச்சுடுவார். ஏதாவதுன்னா பெட்டி சொல்லுமே."

அவள் எழுந்தாள். "எங்க தங்கச்சி?" என்றார் தலைவர். அவள் சொன்னாள். அவர் திரையைத் திரும்பிப் பார்த்தார். "பச்சைதானே இருக்கு" என்றார், ஆறுதலாக.

வாடகைக் காரில் போகும்போது அவள் ஒன்றும் நினைக்கவில்லை. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் ஓட்டுநர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். கிடங்கு வாசலில் மேலாளர் தன் காரில் ஏறிக்கொண்டிருந்தார். அவள் ஓடுவதைப் பார்த்துவிட்டு, என்ன, என்ன என்று கேட்டுக்கொண்டே பின்னால் வந்தார். பக்கத்துக் கூடத்தில் அடுத்த ஷிப்ட் பெண்கள் வேலையை ஆரம்பித்திருந்தார்கள். வானொலி பாடிக்கொண்டிருந்தது.

முதல் கதவு. அட்டைப்பெட்டிகள். இரண்டாவது கதவு. அட்டைப்பெட்டிகள். கடைசி அறையின் தாழ்ப்பாள் இறுகிக் கிடந்தது, காலால் உதைத்து இழுத்தாள்.

அண்ணி வாசலை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள். புருவத்தில் பனி. உடம்பைச் சுற்றி அட்டைகளைக் கிழித்துச் செருகியிருந்தாள். கதவின் உள்பக்கத்தில், மஞ்சள் ஸ்டிக்கருக்குக் கீழே, பூட்ஸ் குதிகாலால் இடித்த கறுப்புத் தடங்கள். கண் திறந்திருந்தது. ஆளைத் தெரிந்துகொண்டது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

அவள் அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். மேலாளர் ஒரு கை பிடித்தார். வாசலைத் தாண்டும் முன்பே அவர் பார்வை மேலே போய்விட்டது, பெட்டிக்கு. பச்சை.

"ஏம்மா" என்றார். உண்மையிலேயே குழம்பிப்போயிருந்தார். "பயிற்சி குடுத்தோமே. ஏன் கத்தல?"

அண்ணி அவரைப் பார்த்தாள். மூச்சை இழுத்தாள். நெஞ்சுக்குள் ஏதோ கிழிகிற மாதிரி இருந்தது அந்தச் சத்தம். அப்புறம் கத்தினாள்.

"கத்தினேன்டா."

அது அண்ணியின் குரல் இல்லை. கத்திக் கத்தித் தேய்ந்து, அடியில் போய் உட்கார்ந்துவிட்ட, கரடுமுரடான, கனத்த குரல்.

பெட்டி சிவந்தது.

சங்கு ஊளையிட்டது. ஏற்கெனவே திறந்திருந்த கதவில் பூட்டு ஒருமுறை டக்கென்று விடுபட்டது. மேலாளரின் சட்டைப்பையில் போன் அடித்தது. அவள் போனும் அடித்தது. திரையில் அவளே எழுதிய வாசகம்: ஆபத்து. கடைசி உறையறை. கதவு திறக்கப்பட்டது. உதவிக்கு எடுத்த நேரம்: பூஜ்யம்.

அதற்குக் கீழே தலைவரின் செய்தி வந்து விழுந்தது. முதல் நிஜ அழைப்பு! கத்தின அதே நொடியில கதவு திறந்திருக்கு. எல்லாரும் இங்க கை தட்டறோம். நம்ம காது வேலை செய்யுது தங்கச்சி. விடுதிக்காரங்களுக்கு இப்பவே அனுப்பறேன்.

"இதை நிறுத்தும்மா முதல்ல, காது கிழியுது" என்று மேலாளர் சங்கைப் பார்த்துக் கத்தினார். நிறுத்துவது எப்படி என்று அந்தக் கட்டடத்தில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

அவள் தன் மேல்சட்டையைக் கழற்றி அண்ணியின் தோளில் போட்டுக் கழுத்து வரை பொத்தானைப் போட்டுவிட்டாள். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு இடம் சொன்னாள். தரையில் உட்கார்ந்து அண்ணியின் பூட்ஸைக் கழற்றி, பாதங்களைத் தன் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். வயிறு விறைத்தது. பக்கத்துக் கூடத்தில் வானொலியை யாரோ நிறுத்தினார்கள். ரப்பர் பூட்ஸ்கள் ஓடிவரும் சத்தம் கேட்டது. ஒவ்வொருத்தியாக வந்து அந்தத் திறந்த கதவையும், தரையில் கிடந்த அண்ணியையும், உள்ளே சிவப்பாக எரிந்த பெட்டியையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நிறுத்துன்னு சொல்றேன்ல" என்றார் மேலாளர்.

அவள் நிறுத்தவில்லை.